செஞ்சி சாலை வழியாகக் கடற்கரைக்கு

கீழ்பென்னாத்தூரில் யாரிடமாவது ‘பாண்டிக்குப் போறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘யாருக்கு உடம்பு சரியில்ல?’ என்பார்கள். எங்கள் பக்கத்துக்குப் புதுச்சேரி என்றால் ஜிப்மர்தான். திருவண்ணாமலையில் கிளம்பி கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகும் விடியற்காலைப் பேருந்தில் பாதிப் பேர் மடியில் எக்ஸ்ரே உறை இருக்கும். கோரிமேட்டில் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும் வண்டி காலியாகிவிடும். அதற்கு அந்தண்டை ஒரு ஊரும் கடலும் இருப்பதைப் பார்க்காமலே வருஷக்கணக்காக வந்து திரும்புகிறவர்கள் உண்டு. என் மாமாவும் அந்த ரகம். கமிஷன் மண்டியில் கணக்கெழுதியே தலை நரைத்தவர். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் வருவார், சீட்டு முத்திரை குத்தியதும் அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார். இந்த முறை நான் விடவில்லை. லாஸ்பேட்டையில் உறவுக்காரர் வீட்டில் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் நடக்கக் கூட்டிப்போனேன்.

அந்த ஆஸ்பத்திரியின் பூர்வீகமே பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் என்று சொன்னபோது, ‘அப்பவே கூட்டம் இருந்திருக்கும்’ என்றார்.

புதுச்சேரியில் நடைப் பயணம் கூட்டிப்போகிறவர்கள் பலர். இன்டாக் அமைப்பும் கட்டடங்களைக் காட்டி நடத்திக்கொண்டு போகிறது. பெரும்பாலான நடைகள் கடற்கரைச் சாலையில் தொடங்கும். சாலை மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடியிருக்கும், ஆகவே அதிகாலையில் அங்கே ஆரம்பிப்பது வசதி. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, வளைவு வாசல் என்று படம் எடுத்துக்கொண்டே மேற்கே வந்து பெரிய வாய்க்காலைத் தாண்டும்போது வெயில் ஏறிவிடும். தமிழர் தெருக்கள் அரைமணியில் முடிந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த ஊருக்குச் சரக்கும் ஆளும் கல்லும் மேற்கிலிருந்து வந்தன. நாமும் அப்படியே வரவேண்டும்: பேருந்து நிலையத்திலிருந்து கிழக்கே, கடைசியாகக் கடல்.

திண்டிவனம் சாலையில் வரும்போதே ஊரின் குணம் பிடிபடத் தொடங்கும். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லாத நிலம். பிரெஞ்சுக்காரருக்கு எந்தெந்த கிராமம் எப்போது கிடைத்ததோ அப்படியே திட்டுத்திட்டாக இன்றும் நிற்கிறது. கிளியனூர் தாண்டியபின் மாநில எல்லை சில கிலோமீட்டருக்குள் பலமுறை மாறும். பலகை பார்க்கவேண்டியதில்லை, மதுக்கடைகள் அடுத்தடுத்து வந்தால் புதுச்சேரி, காணாமல் போனால் தமிழ்நாடு.

நகரின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நடப்பது நல்லது. வெளியே முட்டை வடிவில் ஒரு சாலை சுற்றிவரும், அது பழைய மதிலின் தடம். உள்ளே தெருக்கள் எல்லாம் கயிறு பிடித்ததுபோல் நேராக ஓடி ஒன்றையொன்று வெட்டும். பிரெஞ்சு நகர அமைப்பு என்று இதைப் புகழ்வார்கள், ஆனால் கட்டம் போட்ட திட்டம் டச்சுக்காரர்களுடையது. பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் இங்கே காலூன்றினார். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். திரும்பக் கொடுத்தது 1699-ல். இடைப்பட்ட அந்தச் சில வருஷத்தில் அவர்கள் வரைந்த கோட்டில்தான் இன்றைக்கும் ஆட்டோக்காரர் வண்டி ஓட்டுகிறார்.

அண்ணா சாலையைத் தாண்டி ரங்கப்பிள்ளை வீதிக்குள் நுழைந்தோம். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. டூப்ளே கவர்னராக இருந்த காலத்தில் (1742–1754) அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்தது, கப்பலில் என்ன சரக்கு, கவர்னர் யாரைத் திட்டினார், கவர்னர் அம்மாள் யாரிடம் காசு வாங்கினாள் என்று ஒன்றையும் விடாமல் எழுதிவைத்தார். அவர் இறந்தது 1761 ஜனவரியில். அடுத்த சில நாட்களில் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது, அவர்கள் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாட்குறிப்பு எண்பது வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1846-ல் கல்வா மோன்பிரேன் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது.

வீட்டின் கீழ்த்தளத்தில் மரத்தூண்களோடு நம்மூர் முற்றம். மேல்தளத்தில் சுண்ணாம்புக் காரை பூசிய உருண்டைத் தூண்கள், ஐரோப்பியக் கட்டு. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்கிற இந்தக் கூட்டுக்கட்டு புதுச்சேரியின் பல பழைய வீடுகளில் உண்டு. மாமா தூணைப் பார்க்கவில்லை. வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். ‘மூட்டை வண்டி மாட்டோட உள்ள போவும் மாப்ள. வீடு பாதி, குடோன் பாதி.’ அவர் சொன்னது தப்பில்லை. பிள்ளை துபாஷி மட்டுமல்ல, பெரிய வியாபாரி. துணியிலும் பாக்கிலும் பணம் போட்டவர். அந்தக் காலத்தில் துபாஷியின் செல்வாக்கே உள்நாட்டில் எந்த ஊர் நெசவாளியிடம் எத்தனை கட்டுத் துணி வாங்கித் தரமுடியும் என்பதில்தான் இருந்தது. கடற்கரையில் உட்கார்ந்த கும்பினிக்குச் செஞ்சிச் சீமையின் தறிகள் தெரியாது. தெரிந்தவன் கையில் சாவி இருந்தது.

மார்க்கெட்டுக்குள் வழிகாட்டிகள் வேகமாகக் கடத்திக்கொண்டு போவார்கள். நீங்கள் நின்று பாருங்கள். மீன் வரிசையில் ஒரு அம்மா, வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் செல்போனை எடுத்ததும், ‘இன்னா சார், படம் புடிக்கறதுக்கா மீனு? அரைக் கிலோவாச்சும் வாங்கு’ என்றாள். மாமா குறுக்கே விழுந்து, ‘மீன் வேணாம் தாயி, ஊரு தூரம்’ என்றார். ‘எந்த ஊரு?’ ‘திருவண்ணாமலை கிட்ட.’ ‘அப்ப மலைய சுத்திட்டு வர்றேன், எனக்கு ஒரு விபூதி பொட்டலம் வச்சிரு’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

மார்க்கெட்டிலிருந்து மிஷன் வீதிக்கு வந்து தெற்கே திரும்பினால் சம்பா கோயில், அதாவது ஜென்மராக்கினி மாதா பேராலயம். இப்போதைய கட்டடம் 1791-ல் முடிந்தது. இந்த இடத்தில் நிற்கும்போது வேதபுரீசுவரர் கோயிலை நினைக்காமல் இருக்கமுடியாது. ஏசுசபைப் பாதிரிகளின் கோயிலை ஒட்டி இருந்த அந்தச் சிவன் கோயில், 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகைக்கு ஆயத்தம் நடந்தபோது டூப்ளேயின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை அதை மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார். தன் எசமானன் செய்ததைத் தன் ஏட்டில் மறைக்காமல் எழுதிய அந்த இடத்தில்தான் பிள்ளைமேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் இப்போது இருக்கும் வேதபுரீசுவரர் பின்னாளில் எழுந்தவர். அதே வீதியில் பாரதி குடியிருந்த வீடு. 1908-லிருந்து 1918 வரை பத்து வருஷம் அவர் இந்த ஊரில்தான். பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது. ஆனால் உளவாட்கள் தெருமுனையில் காத்துக்கிடந்தார்கள். அரவிந்தர் 1910-ல் வந்தார், வ.வே.சு. ஐயரும் அதே ஆண்டு. ஆங்கிலேயரிடமிருந்து தப்பியவனுக்கு இன்னொரு வெள்ளைக்காரன் ஊரே அடைக்கலமானது அந்தக் காலத்து விநோதம்.

இரண்டு தெரு தள்ளி வைசியாள் வீதி. பெயர்ப்பலகையில் கல்வே சுப்புராய செட்டி வீதி என்றும் இருக்கும். தமிழர் வீடு தெருவோடு எப்படிப் பேசும் என்று பார்க்க வேண்டுமானால் இந்த ஒரு தெரு போதும். தெருவை ஒட்டி மரக்கால்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். அது வழிப்போக்கனுக்கு, வெயிலிலும் மழையிலும் ஒதுங்கிக்கொள்ளலாம். அதற்கு உள்ளே ஒரு படி ஏறினால் திண்ணை. அது வந்தவருக்கு, உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லலாம். அதற்கும் உள்ளேதான் கதவு. வெளிச்சுவருக்கும் கதவுக்கும் இடையில் இத்தனை பேருக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இந்த வீதியை மீட்டெடுத்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அருகிலேயே பிற தெருக்களில் இப்படியான வீடுகளை இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்பு வைத்த கடைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. விருது வாங்கிய தெரு ஒன்று, வாங்காத தெருக்கள் நிறைய.

மாமா ஒரு திண்ணையில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, ‘தண்ணி குடிக்கிறீங்களாப்பா?’ என்று கேட்டாள். குடித்தோம்.

பெரிய வாய்க்காலுக்கு வந்துவிட்டால் ஊர் பாதி முடிந்தது. மேற்கே கறுப்பர் பட்டணம், கிழக்கே வெள்ளையர் பட்டணம் என்று பிரித்த வாய்க்கால். இப்போது கல் கட்டிய சாக்கடை, அவ்வளவுதான். மழைக்காலம் தவிர மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். ஆனால் நான் அங்கே வேண்டுமென்றே நின்றேன். வாய்க்காலை ஒட்டிப் போகும் சாலைகளில் ஒன்றுக்கு ஆம்பூர் சாலை என்று பெயர், ஒன்றுக்குச் செஞ்சி சாலை. 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் விழுந்தார், பிரெஞ்சுப் பக்கம் ஜெயித்தது. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அந்த வெற்றிகளின் நினைவுதான் சாலைப் பெயர்கள். மாமா பலகையைப் படித்துவிட்டு, ‘இந்த ரோட்லயே போனா செஞ்சி வந்துருமா?’ என்று கேட்டார். வராது. கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும்.

வெள்ளையர் பகுதியைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அதற்குப் போதுமான படங்கள் எல்லார் செல்போனிலும் இருக்கின்றன. உயரமான மதில், தெருவுக்கு முதுகு காட்டும் வீடு, உள்ளே தோட்டம். வைசியாள் வீதியைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த மதில்களின் அர்த்தம் தானே விளங்கும். ரோமன் ரோலன், துய்மா, சுஃப்ரேன் வீதிகளில் அழகு இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாதி வீடுகள் இன்று விடுதிகள், மீதியில் பாதி உணவகங்கள். துய்மா வீதியில் கப்ஸ் கோயில் மட்டும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாம். 1855-ல் கட்டியது, பிரெஞ்சிலும் பூசை நடக்கும்.

பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். கிருஷ்ணதேவராயர் விளக்கெரியும் ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். ஆயி என்கிற அந்தப் பெண், ‘நானே இடித்துக் குளம் வெட்டுகிறேன்’ என்றாளாம். கதை இப்படி. முத்திரையர்பாளையத்திலிருந்து அந்தத் தண்ணீர் நகருக்கு வந்துசேர்ந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரில் இந்த மண்டபம் எழுந்தது. சுற்றிலும் எத்தனையோ கவர்னர்கள் வந்துபோன ஊரில், அரசுச் சின்னத்தில் இடம் பிடித்தது தண்ணீர் கொடுத்தவள். அந்தத் தண்ணீரும் மேற்கேயிருந்து வந்ததே.

கடற்கரைக்கு வந்தாயிற்று. காந்தி சிலை, சுற்றி எட்டுக் கற்றூண்கள். காந்தியைப் படமெடுக்கிறவர்கள் தூண்களைப் பார்ப்பதில்லை, அவை சிலைக்கு வைத்த அலங்காரம் என்று எண்ணிவிடுகிறார்கள். இவை செஞ்சியிலிருந்து வந்தவை, ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் வேங்கடரமணர் கோயில் தூண்கள் என்று சொல்வார்கள். செஞ்சி 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அந்த வேங்கடரமணர் கோயில் நாயக்கர் காலத்தது. இன்றைக்கும் அங்கே போனால் தூண் இல்லாத வெற்றிடங்களைக் காணலாம். செஞ்சிக் கோட்டை 2025-ல் மராட்டிய ராணுவ நிலத்தொகுதியின் ஒரு பகுதியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெயர்ந்து வந்த தூண்கள் பட்டியலுக்கு வெளியே, உப்புக்காற்றில்.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். தூணின் சதுரப் பகுதிகளில் சிற்பங்கள். மேலே இருப்பவற்றில் உளி வேலை தெளிவாகத் தெரிகிறது. ஆள் உயரத்துக்குக் கீழே முதுகு சாய்த்தவர்களும் பிள்ளைகளும் தடவித்தடவி மழுங்கியிருக்கிறது. மாமா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். செஞ்சி மலைப் பாறையைத் தாண்டித்தான் அவர் மாதாமாதம் பேருந்தில் வருகிறார். ‘இந்தக் கல்லை எப்புட்றா கொண்டாந்தானுவ? எத்தனை மாடு கட்டியிருப்பான்?’ அவருக்கு வரலாற்றில் அக்கறையில்லை, பாரத்தில் அக்கறை. நல்ல கேள்வி. தூண் ஒற்றைக் கல். செஞ்சியிலிருந்து கடல் அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

கல்லைவிடப் பெரிய பாரம் ஒன்று அதே வழியில் நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. எங்கள் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளின் உயிர் அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் புதுச்சேரித் துறையின் பெரிய ஏற்றுமதிச் சரக்கும் அதுவே. பருப்பு மூட்டைகள் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போயின. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை போட்டதற்கும் இப்படியான சரக்குதான் தீனி. அந்த நாளில் ஓட்டை நனைத்துக் கம்பால் அடித்து உடைப்பார்கள். ஈரம் ஏறிய பருப்பு கப்பலுக்குள் சூடேறிக் கெட்டுப்போகும். சாப்பாட்டு எண்ணெய்க்கு ஆகாததைச் சோப்புக்குப் போடுவார்கள். நான் இதைச் சொன்னதும் மாமா முகத்தில் முதல்முறையாக ஊரைப் பற்றிய ஆர்வம் வந்தது. ‘நனைச்சு உடைச்சா காறாம என்னா செய்யும்? எடை கூடும்னு நனைச்சிருப்பான். எங்க மண்டிலயே குத்தூசி விட்டுப் பார்த்தா தெரிஞ்சிரும், மேல காய்ஞ்சது, நடுவுல ஈரம்.’

துறை என்று சொன்னேனே தவிர, கப்பல் கரையோடு ஒதுங்கும் இடம் எதுவும் இங்கே இருந்ததில்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்கிற தைத்த படகில் மூட்டைகளை ஏற்றி, அலையை மீறித் துழாவிக்கொண்டு போய்ச் சேர்க்கவேண்டும். பிறகு இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. 1952 புயலில் அது போயிற்று. 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் மட்டும் கரையில் நிற்கிறது. அதன் அடியில் நின்று கடலைப் பார்த்து மாமா கேட்டது: ‘மணல் எங்கடா?’

கேட்கவேண்டிய கேள்விதான். நீண்ட காலம் இங்கே கருங்கல் குவியலும் அலையும்தான். 1980-களின் கடைசியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு அதற்கும் வடக்கே மீனவர் குப்பங்களுக்குப் போனது. 2018-19 வாக்கில் கடலுக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தபின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அங்கே குடும்பங்கள் கால் நனைத்துக்கொண்டிருந்தன. குருசுகுப்பம், வைத்திக்குப்பம் பக்கம் போனால் படகை ஏற்ற இடமில்லாமல் கல்லுக்கு நடுவே நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம். சுற்றுலா நடைகள் அவ்வளவு தூரம் போவதில்லை.

அரிக்கமேட்டுக்குப் போகலாமா என்று யோசித்தோம். நகருக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டர். 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் மெருகேறிய இத்தாலிய மண்கலங்களும் எடுத்த இடம். ஆனால் போய்ப் பார்த்தால் தோப்பும் ஒரு இடிந்த சுவரும்தான். பார்க்கவேண்டியது எல்லாம் ஊருக்குள் அருங்காட்சியகத்தில். வெயிலில் மாமாவை இழுத்துப்போக மனம் வரவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னும் இங்கே ஏற்றுமதி நடந்தது என்று சொன்னதற்கு, ‘மண்டி இல்லாம எப்படி நடந்திருக்கும்’ என்று மட்டும் கேட்டார்.

மதியத்துக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் பிரெஞ்சுப் பென்ஷன் விஷயமாக யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’க்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள், ஜூலை 14-ல் பதக்கங்கள் குத்திக்கொண்டு போர் நினைவிடத்துக்கு வருவார்கள். மாமா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, ‘பிரான்சுக்காரன் மாசம் பொறந்தா கரெக்டா குடுக்கறானா?’ என்றார். பெரியவர் போனை மூடிவிட்டுச் சிரித்தார். ‘குடுப்பான் ஐயா, வருஷத்துக்கு ஒருக்கா உயிரோட இருக்கன்னு சர்ட்டிபிகேட் மட்டும் கேப்பான்.’

நீங்கள் போவதாக இருந்தால், மாசி மகத்தன்று போகலாம். நகர நடைகளில் இது சேராது, ஆனால் எங்கள் சாலையின் கதை முழுதாகத் தெரிவது அன்றைக்குத்தான். மயிலம் முருகன், தீவனூர்ப் பொய்யாமொழி விநாயகர், சிங்கவரத்து ரங்கநாதர் என்று செஞ்சி, திண்டிவனம் பக்கத்துச் சாமிகள் கிளம்பி வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். கல்லும் கடலையும் வந்த திசையிலிருந்தே வருவார்கள். வழியெங்கும் மண்டகப்படி, மோர்ப்பந்தல். மேற்கே இருந்து போகிறவர்கள் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அன்றைக்குக் காலையில் பேருந்து ஏறினால், வழியில் சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மத்தியானம்தான் ஊருக்குள் நுழைவீர்கள்.